லாக் போட்டாச்சா என்று நீ கேட்டது

இன்று காலை நம் கொட்டகையில் வண்டி தூக்கும் லிஃப்டின் எண்ணெய்க் குழாய்களை மாற்ற நாகர்கோவிலிலிருந்து ஆள் வந்திருந்தார். பழைய குழாயைக் கழற்றியபோது உள்ளே தேங்கிக் கிடந்த எண்ணெய் என் கையில் கொட்டியது. சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். மத்தியானம் சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டு போனபோது விரலிலிருந்து அந்த மணம் வந்தது. தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். குழாய் மாற்ற வந்தவர், "உடம்பு சுகமில்லையா?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். உனக்கு எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துத் தள்ளிப்போட்டதை இன்று எழுதுகிறேன்.

நம் இருவருக்கும் ஒரே வயது. பாறசாலையில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. படித்து முடித்ததும் நீ வளைகுடாவுக்குப் போய் ஒன்பது வருடம் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தாய். நான் இங்கேயே ரோட்டோரத்தில் ஜாக்கி வைத்து, சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்து, தரையில் சாக்கை விரித்துப் படுத்து வண்டி பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஊர் திரும்பிய மறுநாள் என்னைத் தேடி வந்தாய். காருக்கு வெளியே என் கால்கள் மட்டும்தான் தெரிந்திருக்கும். அவற்றைப் பிடித்து இழுத்தாய்.

"எலே, வெளிய வா. இப்பிடியா வேல பாக்குத? ஜாக்கி சரிஞ்சா நீ போச்சு."

"இத்தன வருசம் சரியல்லியே" என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அடுத்த வருடமே கொல்லயில் ஊருக்குப் போகும் சாலையில் நாம் சேர்ந்து ஒரு தகரக் கொட்டகை போட்டோம். இரண்டு தூண் லிஃப்ட் ஒன்று வாங்கினோம். தூண்களை நிறுத்தத் தரையில் கான்கிரீட் போட்ட பிறகு ஒரு மாதம் நீ அதன் மேல் ஒன்றையும் வைக்க விடவில்லை. வாசலில் வண்டிகள் காத்து நின்றன. நான் அவசரப்பட்டேன். "உறையட்டு மக்கா. இத நம்பியாக்கும் நம்ம தலையக் கொண்டு கீழ வைக்கப் போறது" என்றாய்.

நீ ஒரு வண்டியைத் தூக்குவதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கும். லிஃப்டின் நாலு கைகளையும் வண்டியின் அடிச்சட்டத்தில் அதற்கென்று உள்ள இடங்களில் குனிந்து பார்த்துப் பொருத்துவாய். அரையடி தூக்கி நிறுத்தி, பம்பரைப் பிடித்து நன்றாக உலுக்குவாய். ஒருமுறை சுற்றி வருவாய். மறுபடி தூக்கும்போது தூணுக்குள் டக், டக் என்று லாக் விழும் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பாய். வேண்டிய உயரம் வந்ததும் கொஞ்சம் கீழே விடுவாய். இரண்டு பக்கமும் வண்டி லாக்கின் மேல் உட்கார்ந்த பிறகுதான் அடியில் போவாய். "தூக்கது எண்ணெயாக்கும். தாங்குறதுக்கு இரும்பு வேணும்" என்று சொல்வாய்.

குன்னத்துகாலிலிருந்து வரும் ரப்பர் வியாபாரி ஒருநாள் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "வண்டிக்குப் பூச வைக்குதியளா?" என்று கேலி செய்தார்.

"பூசையில்ல சாறே. அந்திக்கு வீட்டுக்குப் போணும்லா" என்று நீ சொன்னாய்.

அப்படிப்பட்ட ஆள் நீ. இதை நான் இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடங்கள் திறந்து இரண்டு மாதம் ஆகியிருந்த சமயம் அது. விடாத மழை. லாக்கை விடுவிக்கும் லிவரின் கேபிள் நைந்து இறுகிப் போயிருந்தது. வண்டியை இறக்கும்போது ஒரு கையால் அதைப் பலமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் எண்ணெயைத் திறக்க வேண்டும். புதுக் கேபிளுக்குச் சொல்லியிருந்தாய். இரண்டு நாளில் வரும் என்றார்கள். அன்று காலை நீ வேறு சாமான் வாங்க நெய்யாற்றின்கரைக்குப் போயிருந்தாய். நான் தனியாக ஒரு காரை இறக்க வேண்டியிருந்தது. கை வலித்தது. லிவரை இழுத்து ஒரு கம்பியால் கட்டினேன். கார் சுகமாக இறங்கியது. கம்பியை அவிழ்க்கவில்லை. உன் கண்ணில் பட்டிருந்தால் என்னை ஏசியிருப்பாய். நீ வருவதற்கு முன் அவிழ்த்துவிடலாம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

அடுத்து ஒரு பழைய டாக்சி வந்தது. கியர் பாக்ஸில் எண்ணெய்க் கசிவு. தூக்கி நிறுத்தினேன். லாக் விழும் சத்தம் வந்திருக்காது; லிவர் கட்டியிருந்தால் எப்படி விழும்? தகரத்தின் மேல் அடித்த மழையில் எனக்கு அது உறைக்கவில்லை. அதற்குள் போன் அடித்தது. காரோடு ஊரிலிருந்து ஒருவர், கண்ணாடி வந்துவிட்டதா என்று கேட்டார். மழையில் அவர் குரல் கேட்காததால் வாசல் பக்கம் போய்ப் பேசினேன்.

நீ நனைந்தபடி வந்தாய். மழைக்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாய். டாக்சியின் அடியில் சொட்டுவதைப் பார்த்துவிட்டு டார்ச்சை எடுத்தாய். போவதற்கு முன் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டாய்.

"எலே, லாக் போட்டாச்சா?"

நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "ஆ, போட்டாச்சு" என்றேன்.

பொய் சொல்ல நினைத்துச் சொன்னதில்லை. எத்தனையோ வருடம் எத்தனையோ தடவை நீ கேட்டு நான் சொன்ன பதில். வாய் தானாகச் சொன்னது. நீ நம்பினாய். முதுகைக் காட்டி உள்ளே போனாய்.

காரோட்டுக்காரர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது லிஃப்டின் எண்ணெய்க் குழாய் பிய்ந்தது. திரும்பினேன். வண்டி தரையில் இருந்தது.

டீக்கடையிலிருந்து ஓடி வந்தவர்களும் நானும் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி உன்னை வெளியே எடுத்தோம். அவர்கள் உன்னை ஆம்புலன்சில் ஏற்றியபோது, நானும் ஏறும் முன் செய்த ஒரு காரியம் உண்டு. இதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. லிவரில் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். என் கை அதைச் செய்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நான்தான் செய்தேன்.

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் உனக்கு நல்ல நினைவு வந்தது. போலீஸ்காரர் வாக்குமூலம் எழுத வந்தார். உன் வீட்டுக்காரி ஜெஸி தலைமாட்டில் நின்றாள். நான் கதவருகே நின்றேன். என்ன நடந்தது என்று அவர் மலையாளத்தில் கேட்டார். நீ என்னைப் பார்க்காமலே பதில் சொன்னாய்.

"லாக் இடான் ஞான் மறந்நு போயி சாறே."

லாக் போட நீயே மறந்துவிட்டதாகச் சொன்னாய். வண்டியைத் தூக்கியதே நீதான் என்றாய். அவர் எழுதி, உன் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார். ஜெஸி மருந்து வாங்க இறங்கியபோது நான் உன் கட்டிலின் அருகே வந்தேன். 

"அண்ணைக்கு நீ என்ன சொன்னேன்னு எனக்கு ஓர்மையில்ல மக்கா" என்றாய்.

"நான் போட்டாச்சுன்னு..."

"ஓர்மையில்லன்னு சொன்னேன்லா. ஜெஸியிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம். அவளுக்கும் மோளுக்கும் ஒரு காரியம்னா நீ வேணும். அவ உனக்க முகத்தப் பாக்கணும்."

உன் கண் என்னை விட்டு அசையவில்லை. எல்லாம் உனக்கு ஓர்மை இருந்தது. ஆறாம் நாள் நீ போய்விட்டாய்.

உன் சபையின் கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். எவ்வளவு கவனமான ஆள், ஒருநாள் மறந்து போச்சே என்றார்கள். ரப்பர் வியாபாரிகூடச் சொன்னார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொட்டகையை மூடிவிடுகிறேன் என்றபோது ஜெஸிதான் வேண்டாம் என்றாள். "அவருக்க ஆசையாக்கும் அது. திறந்து வைங்க அண்ணா" என்றாள். கேபிளையும் பிய்ந்த குழாயையும் மாற்றித் திறந்து வைத்தேன். நீ சொன்னபடி உன் வீட்டுக் காரியங்களுக்கு முன்னால் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்து நன்றி சொல்லும்போதெல்லாம் தரையைப் பார்த்தேன். பதினோரு மாதம் அப்படிப் போயிற்று.

உன் முதல் வருட நினைவு ஜெபத்துக்கு ஆள் சொல்வதைப் பற்றிப் பேச உன் வீட்டுக்குப் போயிருந்த நாளில் ஜெஸி ஒரு தாளை எடுத்து வந்தாள். "மோளு பள்ளிக்கூடத்தில பேசினது. முதல் பரிசு கிட்டியிருக்கு, வாயிச்சுப் பாருங்க" என்றாள். வேலை செய்யும் இடத்தில் கவனம் என்பது தலைப்பு. உன் மகள் ஆன்சியின் குண்டு குண்டான எழுத்து. கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: 'என் அப்பா ஒரே ஒரு நாள் கவனக்குறைவாக இருந்தார். அதனால் எங்களுக்கு அப்பா இல்லை. நீங்கள் என் அப்பாவைப் போல மறந்துவிடாதீர்கள்.'

அதற்கு மேல் என்னால் உன் சொல்லைக் காப்பாற்ற முடியவில்லை. என்னை மன்னித்துக்கொள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்று சொன்னேன். கம்பியைச் சொன்னேன். நீ கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். பாக்கெட்டில் போட்டுக்கொண்டதையும் ஆஸ்பத்திரியில் நீ பேசியதையும் விடவில்லை.

ஜெஸி அழுவாள், அடிப்பாள், வெளியே போ என்பாள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவள் தாளை மடித்து மடித்துச் சிறிதாக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு பேசினாள்.

"இந்தப் பதினோரு மாசமும் அவருக்க படத்தப் பாத்து ஏசாத நாளில்ல அண்ணா. எங்க ரெண்டு பேரையும் நெனைக்காத மனுசன்னு ஏசினேன். ஒரு லாக்கப் போட உனக்கு முடியல்லியான்னு கேட்டேன். அவரு பதில் சொல்ல வருவாரா? இனி நான் யாரிட்டப் போய் மன்னிப்புக் கேக்க?"

அவள் தாளைப் பிரித்து மடியில் வைத்து நீவினாள்.

"உங்கள மன்னிக்கதப் பத்தி இப்போ என்னால ஒண்ணும் சொல்ல ஒக்காது" என்றாள். "பின்ன ஒரு காரியம் உண்டு. மோளிட்ட நீங்களாக்கும் சொல்லணும். நான் சொல்லமாட்டேன்."

நீ எனக்காகச் சொன்ன பொய் இவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. நீ என்னைக் காப்பாற்ற நினைத்தாய். அதற்கு உன் பெயரைக் கொடுத்தாய். நான் அதை வாங்கி வைத்துக்கொண்டு பதினோரு மாதம் இருந்தேன்.

ஆன்சி பள்ளியிலிருந்து வந்து சீருடையைக்கூட மாற்றாமல் எதிரே உட்கார்ந்தாள். பதினாலு வயது. உன் நெற்றி அப்படியே. ஜெஸி அடுக்களை வாசலில் நின்றாள். நான் முதலிலிருந்து சொன்னேன்.  முடித்த பிறகு ஆன்சி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, கீழ போறதுக்கு முன்ன அப்பா கேட்டாங்களா? லாக் போட்டாச்சான்னு கேட்டாங்களா?"

"கேட்டான் மக்களே. திரும்பி நின்னு கேட்டான்."

"அப்போ அப்பா மறக்கல்ல" என்றாள். எழுந்து அம்மாவிடம் போனாள். "அம்மா, அப்பா மறக்கல்ல" என்று அவளிடம் திரும்பவும் சொன்னாள். அதன் பிறகுதான் இருவரும் அழுதார்கள். நான் வெளியே வந்து செருப்பைப் போட்டேன்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். வாங்கிய அதிகாரி இரண்டு தடவை படித்துவிட்டு, இவ்வளவு நாள் கழித்து ஏன் என்று கேட்டார். மேலே அனுப்பியிருக்கிறார்கள். என்ன ஆகும் என்று தெரியாது; எது வந்தாலும் நிற்பேன். வருட ஜெபத்தில் ஆன்சி பேசினாள். பழைய தாளை வாசிக்கவில்லை. என் அப்பா கேட்டுவிட்டுத்தான் போனார் என்று சபையின் முன்னால் சொன்னாள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஜெஸி பார்க்கவில்லை. அவள் என்னோடு இன்னும் பேசுவதில்லை. 

கொட்டகை நடக்கிறது. எனக்கு மாறிப்போனது ஒன்றுதான். யார் என்ன கேட்டாலும் சட்டென்று பதில் வருவதில்லை. நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என் வீட்டுக்காரி படுக்கையிலிருந்து, "கேஸ் அடச்சாச்சா?" என்று கேட்டாள். அடைத்தது நான்தான்; அடைத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போனேன். விளக்கைப் போட்டு, குனிந்து, கையை வைத்துப் பார்த்தேன். திரும்பி வந்து அவளிடம் சொன்னேன்.

"பாத்துட்டேன். அடச்சாச்சு."