கேடயத்தின் கீழே நம் சொல்

நேற்றுப் பால் வாங்க ஷொப்பிங் மோலுக்குப் போனேன். நத்தார்ப் பண்டிகைக்கு முன் நடுவழியில் முளைக்கும் அந்தச் சின்னக் கடை இந்த வருடமும் வந்திருக்கிறது. குடும்பப் பெயரைச் சொன்னால் கேடயமும் சிங்கமும் அச்சடித்து, கீழே ஒரு இலத்தீன் வாசகத்தோடு பலகையில் ஒட்டித் தருவார்கள். அந்த வார்னிஷ் மணம் மூக்கில் ஏறியதும், தோழி, உம்முடைய யூனியன்வில் வீட்டில் நிற்பதுபோல் இருந்தது. பால் வாங்காமலே திரும்பிவிட்டேன்.

அந்த வீட்டுக்கு முன், இதே கனடாவில், ஸ்காபரோவில் ஒரே கட்டடத்தில் நீர் ஐந்தாம் மாடி, நான் ஏழாம் மாடி. பிள்ளைகள் நூலகத்தில் கதை கேட்கும் நேரத்தில்தானே குடும்பக் கேடயங்களைப் பற்றிய அந்தத் தடித்த புத்தகத்தை எடுத்தோம்?

"இலத்தீன் எங்களுக்கு என்னத்துக்கப்பா?" என்றேன்.

"ஐயர் சொல்லுற சமஸ்கிருதம் உமக்கு விளங்குதோ? விளங்காட்டியும் கும்பிடுறீர்தானே. வெள்ளைக்காரருக்கு உதுவும் அப்பிடித்தான்."

சிரிப்பை அடக்கமுடியாமல் நூலகக்காரியிடம் பேச்சு வாங்கினோம். பிறகு அகராதியை வைத்துக்கொண்டு வாசகங்களைச் சொல் சொல்லாகப் பிரித்தோம். சில, போர்க்களத்தில் தம் ஆட்களை அடையாளம் காணக் கத்திய குரல்கள். சில, அரசனுக்கோ ஆண்டவனுக்கோ கொடுத்த வாக்கு. ஒருநாள் பெண்களைப் பற்றிய பக்கம் வந்தது. பெண்ணுக்குக் கேடயம் இல்லை, சாய்சதுரம்தான். வாசகம் வைக்கும் வழக்கமும் இல்லை.

நீர் புத்தகத்தை மூடினீர். "சண்டைக்குப் போனவனுக்குக் கேடயம். சமைச்சு அனுப்பினவளுக்கு ஒண்டும் இல்லையோ? நாங்கள் எங்களுக்கெண்டு ஒண்டு வைப்பம். அப்பன்ர பேரும் வேண்டாம், புருசன்ர பேரும் வேண்டாம்."

அப்படித்தான் 'ஃபிடா மனேபோ' பிறந்தது. உண்மையாய் நிலைத்திருப்பேன். முதற்சொல் உம்முடையது, இரண்டாவது என்னுடையது. உமக்கு நான் ஒரு துணியில் தைத்தேன், எனக்கு நீர் நீல நூலில் தைத்தீர். கொடுத்த வாக்கு சாமிக்கு முன்னால் இருக்கட்டும் என்று முருகன் படத்துக்குக் கீழே விரித்தேன்.

யூனியன்வில்லில் நீர் வாங்கிய புது வீட்டின் குடிபூரலுக்கு வடை சுட்டுக்கொண்டு வந்தவள் நான். நெருப்பிடத்துக்கு மேலே பெரிய பலகை. கேடயத்தில் உம்முடைய மாமனாரின் பெயர். அதன் கீழே நம் இரண்டு சொற்கள். உம்முடைய கணவரின் மிசிசாகா ஒபிஸ் ஆட்களுக்கு நீர் விளக்கிக்கொண்டிருந்தீர்.

"ஒல்லாந்தர் காலத்தில இவரின்ர பூட்டனாருக்குக் குடுத்தது. பரம்பரைச் சொல்."

பிறகு, தட்டோடு நின்ற என்னைப் பார்த்துச் சொன்னீர்: "உமக்கு விளங்காதப்பா, இலத்தீன்."

எல்லாரும் சிரித்தார்கள். "ஓம், விளங்கேல்லை" என்றேன்.

அந்தச் சபையில் உமக்கு என்ன நெருக்கடியோ, தெரியாது. மறுநாள் போன் எடுத்து, "வாய் தவறிப்போச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குப் போதும். நீர் எடுக்கவில்லை. உமக்கு வருத்தம், ஆஸ்பத்திரியில் கிடக்கிறீர் என்பதைக்கூட மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். அறிந்து புறப்படுவதற்குள் முடிந்துவிட்டது.

செத்தவீட்டில் தந்த அட்டையிலும் அந்தச் சொற்கள். உம்முடைய மகள் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அன்ரி, இதின்ர மீனிங் என்ன? டாடிக்கும் தெரியாதாம்."

சொன்னேன். அவள் அழுதாள்.

"அம்மாவோ கண்டுபிடிச்சவ?"

"ஓம் பிள்ளை" என்றேன். பாதி உண்மைதானே.

ஒரு குடும்பத்தின் கேடயத்தை இன்னொருவர் தூக்கக்கூடாது, வாசகத்தை யாரும் எடுக்கலாம் என்று அந்தப் புத்தகத்தில் இருந்தது. அதன்படி பார்த்தால் நீர் களவெடுக்கவில்லை. மாதக் கணக்கு முடிக்கையில் ஒரு சதம் பிசகினாலும் கண்டுபிடிக்கிற எனக்கு, இதை மட்டும் இன்னும் நேர்செய்ய முடியவில்லை.

நீர் தைத்த துணி முருகனுக்குக் கீழேதான் இருக்கிறது. நூலைப் பிரித்தெறிய எத்தனையோ தரம் கத்தரிக்கோலோடு போய் நின்றிருக்கிறேன். விளக்கேற்றும்போது உம்மேல் கோபம் வராத நாளில்லை. ஆனாலும் நிலைத்திருப்பேன் என்ற சொல்லைச் சேர்த்தவள் நான்தானே. கோபத்தோடேயே உமக்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு எழும்புகிறேன்.