கார் உன்னுடையது, முருகேசா

என் அருமை முருகேசா,

சௌக்கியமா என்று கேட்டுத் தொடங்க முடியாத கடிதம் இது. நீ போய் நாற்பது நாள் ஆகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக்கூடப் போனேன். அப்படியும் காலையில் தாம்பரம் ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் கண் தானாக டீக்கடைப் பக்கம் போகிறது. பாழாய்ப்போன கண். என்னை ‘மச்சான்’ என்று கூப்பிட இந்த ஊரில் இனி ஓர் ஆள் இல்லை என்பது அதற்கு இன்னும் புரியவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல எனக்குப் பத்து வருஷம் இருந்தது. தினம் காலையில் பத்து நிமிஷம், கையில் டீயோடு. சொல்லவில்லை. இப்போது எழுதி எங்கள் சர்ச் சபைப் பத்திரிகையில் போடச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். நாலு பேர் படிக்கட்டும். எனக்கு அது வேண்டும்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள். நான் எழும்பூரில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. நீ சைதாப்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். ஒரே மின்சார ரயிலில் போய்ப் போய்ச் சிநேகிதமானவர்கள். எனக்குப் பெற்றவர்கள் இல்லை. ஹாஸ்டல் சோற்றில் வளர்ந்தவன். தீபாவளிக்கு மாடம்பாக்கத்தில் உன் வீட்டிலும், கிறிஸ்துமஸுக்கு என் ஆபீஸ் நண்பன் ஸ்டீபன் வீட்டிலும் சாப்பிடுகிறவன்.

உன் கார் ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டுப் போனது. யார் வீட்டுக் கொட்டகையிலோ கோழி அடைத்து வைத்திருந்த அந்தக் கறுப்பு வண்டியை நீ இழுத்து வந்தாய். இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதற்குத் தின்னக் கொடுத்து ஓட வைத்தாய். உன் பெண்சாதி கஸ்தூரி திட்டாத திட்டா? ‘அதையே கட்டிகினு அழுவு’ என்பாள். நீ வண்டிக்கு அடியிலிருந்தபடியே சிரிப்பாய்.

அப்போதுதான் பாளையங்கோட்டையிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண் எஸ்தர். அப்பா ரிட்டயரான பள்ளிக்கூட வாத்தியார். என்னோடு பெண் பார்க்க வர அப்பா இல்லை, சித்தப்பா இல்லை. நீயும் ஸ்டீபனும்தான். ரயிலுக்கு டிக்கெட் எடுக்கலாம் என்றேன்.

“இன்னாத்துக்கு மச்சான் ரயிலு? நம்ம வண்டி கீதுல்ல? மாப்ளே கார்ல போய் எறங்குனா ஜோரா இருக்காது?” என்றாய்.

அப்படிக் கிளம்பினோம். கஸ்தூரி கட்டிக்கொடுத்த புளிச்சோறு ஒரு தூக்கு, தண்ணீர் டின் இரண்டு. தெற்கே போகிற ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர் தாண்டுவதற்குள்ளேயே ரேடியேட்டர் கொதித்துவிட்டது. ஸ்டீபன் பள்ளிக்கூட அட்லஸை மடியில் வைத்துக்கொண்டு வழி சொன்னான். அதில் மதராஸிலிருந்து மதுரைக்கு ஒன்றரை அங்குலம்தான். “வந்துரும்டா, அரை அங்குலம் முடிஞ்சிருச்சு” என்று விழுப்புரத்தில் சொன்னான் பார், நீ வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தாய், நாங்களும் சிரித்தோம். அத்தனை சிரிப்பு அதற்குப் பிறகு நான் சிரித்ததில்லை.

செல்ஃப் ஸ்டார்ட்டர் உயிரை விட்ட வண்டி அது. முன்பக்கம் இரும்பு ஹேண்டிலைச் சொருகிச் சுற்றினால்தான் கிளம்பும். திருச்சியில் காவேரியில் குளிக்க இறங்கினோம். ஹேண்டிலை வண்டியில் விட்டால் யாராவது எடுத்துப் போய்விடுவார்கள் என்று கையோடு படித்துறைக்குக் கொண்டுபோன புத்திசாலி நான். துண்டை எடுத்தேன், சோப்பு டப்பாவை எடுத்தேன், ஹேண்டிலைப் படியிலேயே விட்டேன். வண்டி மேட்டில் நின்றதால் உருட்டிவிட்டே கிளப்பிவிட்டாய். விராலிமலையில் டீக்கு நிறுத்தியபோதுதான் விஷயம் தெரிந்தது. ஸ்டீபன் என்னை அடிக்கவே வந்தான்.

“வுடு ஸ்டீபன். காவேரிக்குக் காணிக்கைன்னு நெனச்சுக்கோ. தள்ளறதுக்கு ரெண்டு பேரு கீறீங்கல்ல?” என்றாய்.

அங்கிருந்து எங்கே நிறுத்தினாலும் நானும் ஸ்டீபனும் தள்ளித்தான் வண்டி கிளம்பியது. மதுரையில் தங்கி, மறுநாள் மத்தியானம் பாளையங்கோட்டை வந்தோம். ஊர் எல்லையில் ஒரு கிணற்றடியில் நானும் ஸ்டீபனும் முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டோம். நீ ஒர்க்‌ஷாப் காக்கிச் சட்டையோடேயே இருந்தாய். வெள்ளைச் சட்டையைப் பெண் வீட்டுக்குப் போனபின் மாற்றிக்கொள்கிறேன் என்றாய்.

அந்தத் தெருவில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. வீட்டு வாசலில் வண்டி நின்றதும் நீ குனிந்து என் காதில் சொன்னாய். “ஆஃப் பண்ணா அவ்ளோதான். அப்பால பொண்ணு வூட்டு வாசல்ல மாப்ளே வண்டி தள்ளினு இருக்கணும். மானம் பூடும். நீங்க ரெண்டு பேரும் உள்ள போங்க. நான் ஆக்ஸிலேட்டர மிதிச்சுகினு இங்கியே குந்திகினு கீறேன்.”

என் மானத்துக்காக நீ இறங்கவில்லை, முருகேசா. அதை இங்கே நன்றாக எழுதிவைக்கிறேன்.

எஸ்தரின் அப்பா வாசலுக்கு வந்துவிட்டார். வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தார். “வாங்க, வாங்க. சொந்த வண்டியா?” என்றார்.

நான் “ஆமா” என்றேன்.

ஏன் சொன்னேன்? யோசித்துச் சொல்லவில்லை. யாரும் இல்லாத பயல், வாடகை அறை, நூற்று எட்டுக் குறை. இந்த ஒன்றாவது இருக்கட்டும் என்று வாய் முந்திக்கொண்டது. அதோடு போயிற்றா? “டிரைவர் வண்டிலேயே இருக்கட்டும். காப்பி பலகாரத்த வெளியே குடுத்து விடுதோம்” என்றார் அவர். அதற்கும் தலையாட்டினேன். கார் கண்ணாடி இறங்கியிருந்தது. கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நீ இருந்தாய். ஸ்டீபன் என் முழங்கையை இடித்தான். நான் உன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே கேசரியும் பஜ்ஜியும் வந்தன. பெண்ணைப் பார்த்தேன். ஆனால் அந்த முக்கால் மணி நேரமும் என் காதில் கேட்டது உன் இன்ஜின் சத்தம்தான். எப்போதாவது நின்றிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். எல்லாரும் வெளியே வந்து, நான் வண்டி தள்ளி, உண்மை வெளிப்பட்டிருக்கும். நீ நிற்கவிடவில்லை.

விடைபெற்று வெளியே வந்தால், நீ ஒரு கையை நீட்டிப் பின் கதவைத் திறந்துவிட்டு, “ஏறுங்க சார்” என்றாய்.

கங்கைகொண்டான் வரைக்கும் ‘சார், பொண்ணு புடிச்சுதா சார்’ என்று கேலி பண்ணிக்கொண்டே வந்தாய். ஸ்டீபன்தான் பொறுக்காமல், “நீ சொல்லியிருக்கணும்டா, ஞானம்” என்றான். “வுடு, பயந்துட்டான். கல்யாணம் நல்லபடியா ஆவட்டும்” என்றாய். அதன்பிறகு நீ கேலி பண்ணவில்லை. நானும் மன்னித்துக்கொள் என்று சொல்லவில்லை. அறுநூறு கிலோமீட்டர் வழி இருந்தது, முருகேசா. ஒரு கிலோமீட்டரில் சொல்லியிருக்கலாம்.

கல்யாணப் பத்திரிகையை உனக்கு ஸ்டேஷனில் வைத்துக் கொடுத்தேன். “ரொம்ப தூரம், உனக்கு லீவு கிடைக்குமோ என்னமோ” என்று நானே சொன்னேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். “கெடைக்காது மச்சான். நீ நல்லபடியா முடிச்சுகினு வா” என்றாய். கல்யாணத்தில் மாமனார் காரைப் பற்றிக் கேட்டார். விற்றுவிட்டேன் என்றேன். உன் காரை நான் விற்றேன்!

பிறகு எஸ்தரோடு மேற்குத் தாம்பரத்தில் குடியேறினேன். எட்டு மைலா, பத்து மைலா? நாலு மைல்கூட இருக்காது. மாடம்பாக்கத்திலிருந்து ஒரு பஸ்ஸில் வந்துவிடலாம். நீ ஒரு நாளும் என் வீட்டு வாசல் மிதிக்கவில்லை, ஏனென்றால் நான் ஒரு நாளும் கூப்பிடவில்லை. எஸ்தர் பார்த்தால் ‘டிரைவர்’ என்று அடையாளம் கண்டுகொள்வாளே என்ற பயம். நான் மட்டும் வெட்கமில்லாமல் உன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், தனியாக. என் பையன் பிறந்ததை டீக்கடையில் நின்று சொன்னேன். நீ ஜேபியில் இருந்ததை எல்லாம் எடுத்து மிட்டாய் வாங்கி ரயிலில் நம்மோடு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தாய். குழந்தையைப் பார்க்க வரட்டுமா என்று கேட்கவில்லை. ‘தங்கச்சி எப்டி கீது?’ என்று மட்டும் கேட்டாய். தினம் கேட்டாய். இவனுக்கு அவள் எப்படித் தங்கச்சி என்று நான் ஒரு தடவையாவது யோசித்தேனா? மரமண்டை.

எமர்ஜென்சி வந்தது, போனது. ஸ்டீபன் மாற்றலாகிப் பிலாய்க்குப் போனான். உன் கண் மஞ்சளாக இருக்கிறது, டாக்டரைப் பார் என்று நான் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த வெள்ளிக்கிழமை நீ இல்லை.

சேதி சொல்ல உன் பக்கத்து வீட்டுக்காரர் என் வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் ஆபீஸில். அவர் அங்கேயும் தேடி வந்து சொல்லி, நான் ரயில் பிடித்து, மாடம்பாக்கம் வந்து சேர்ந்தால், கஸ்தூரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிற பெண் எஸ்தர். பையனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறாள். “அண்ணா, அண்ணா” என்று அழுகிறாள். நான் செருப்பைக் கழற்ற மறந்து வாசலில் நின்றேன்.

எல்லாம் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எஸ்தரிடம் கேட்டேன், உனக்கு இவனைத் தெரியுமா என்று.

“தெரியாம என்ன? அன்னிக்கு அவங்களுக்குக் காப்பி கொண்டு போனதே நான்தான்” என்றாள். “டிரைவர்னா உள்ளத உள்ளபடி சொல்வாங்கன்னு நெனச்சுப் வீட்டுப் பக்கவாசல் வழியா போனேன். உங்க சார் குடிப்பாரா, எப்படிப்பட்டவர்னு கேட்டேன். அவங்க சிரிச்சிட்டு, ‘நான் டிரைவர் இல்லம்மா, வண்டி என்னுது. அவன் என் சிநேகிதன். பயத்துல ஒரு பொய் சொல்லிட்டான், மனசுல வெச்சுக்காத. யாருமே இல்லாம வளந்தவன், உன்னக் கைவுட மாட்டான்’னு சொன்னாங்க. வண்டியப் பாத்தா நான் சம்மதிச்சேன்? இப்படி ஒருத்தர் சிநேகிதனா இருக்காங்களேன்னுதான் சம்மதிச்சேன்.”

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றேன்.

“நான் ‘அண்ணா’ன்னு கூப்பிட்டதும் அவங்க கேட்டது ஒண்ணுதான். ‘அவனா சொல்ற வரைக்கும் நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதம்மா, கூசிப்பூடுவான்’னாங்க. நீங்களே ஒருநாள் கூட்டிட்டு வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஞாயித்துக்கிழம ஒரு ஆள் சோறு கூடவே வடிப்பேன். நீங்க கேட்டதே இல்ல.”

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. எஸ்தர்தான் கையைப் பிடித்து ஏற்றினாள்.

யாரிடமிருந்து உன்னை ஒளித்தேன், சொல்? என் வீட்டில் உனக்குச் சோறு இருந்தது, தங்கச்சி இருந்தாள். நான் ஒருவன்தான் குறுக்கே நின்றேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவதற்கு ஆள் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தனிமை என்று புலம்பக்கூட எனக்கு வாயில்லை. நானே தேடிக்கொண்டது.

உன் வீட்டுச் சேதி சொல்கிறேன். பெரியவள் எட்டாவதில் முதலாவதாக வந்திருக்கிறாள். கஸ்தூரி ஒரு தையல் கடையில் வேலைக்குப் போகிறாள். கார் வேப்ப மரத்தடியில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. பழைய இரும்புக்கு எடுத்துக்கொள்வதாக ஒருவன் வந்து கேட்டானாம். கஸ்தூரி துரத்திவிட்டாளாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை என் மாமனார் பாளையங்கோட்டையிலிருந்து வருகிறார். கோயிலில் ஆராதனை முடிந்ததும் அவரை மாடம்பாக்கத்துக்கு அழைத்து வருகிறேன். உன் வாசலில் நின்று, அவர் முன்னால், கஸ்தூரி முன்னால், உன் பிள்ளைகள் முன்னால் சொல்வேன்: வண்டி முருகேசனுடையது, அவன் டிரைவர் இல்லை, எனக்கு இருந்த ஒரே சொந்தம், அவனை நான் தெருவில் உட்கார வைத்தேன். இது சத்தியம். சொல்லி முடித்தபின் நான் உள்ளே வரலாமா, வாசலோடு போக வேண்டுமா என்பதைக் கஸ்தூரி சொல்லட்டும். எது சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

உன் தங்கச்சி புருஷன்,
உன் மச்சான்,
ஞானம்