பூச்சி மாத்திரையும் உன் தங்கையின் மூச்சும்

அன்பு மகனுக்கு, அப்பா ஆசியுடன் எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டு மற்ற கதைக்குப் போகத்தான் ஆசை, ஆனால் உன் தங்கை வாண்டுக்கு மறுபடி இழுப்பு வந்துவிட்டது, ஆகவே நலம் என்பதைப் பாதியாக எடுத்துக்கொள். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

மூச்சு டாக்டரிடம் கூட்டிப் போனோம். சின்ன வயதுப் பெண், பொறுமையாகத்தான் பேசினார், அலர்ஜியால் வரும் ஆஸ்துமா என்றார். உன் அம்மா சும்மா இருப்பாளா, மூத்தவன் மண்ணுலயே புரண்டான், வயிறு பூரா பூச்சி, ஒரு நாள்கூட இழுத்ததில்ல, இவளைக் கொதிக்கவெச்ச தண்ணியிலயே வளர்த்தேன், இவளுக்கு மட்டும் ஏன் வருது டாக்டர் என்று கேட்டுவிட்டாள். அதற்கு அவர், வயித்துல புழு இருக்கிற பிள்ளைங்களுக்கு அலர்ஜி கம்மின்னு சில ஆராய்ச்சி சொல்லுது, சில வகைப் புழு இழுப்பை அதிகமாக்கும்னு வேற சில ஆராய்ச்சி சொல்லுது, இன்னும் முடிவா தெரியல, நீங்க குழப்பிக்காம மருந்து இழுக்கிற பம்ப்பை ஒழுங்கா குடுங்க என்றார். குழம்பாமல் இருக்க நாம் என்ன கல்லா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உன் அம்மாவோ முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாளிலிருந்து வாண்டு கொல்லையில் மண்ணைக் கிளறினாலும் ஒரு அதட்டல் இல்லை, எனக்கு ஆச்சரியம். தையல் மிஷினுக்கு எண்ணெய் தேடப் போனால் டிராயரில் பள்ளிக்கூடத்தில் கொடுத்தனுப்பிய பூச்சி மாத்திரை, உறைகூடப் பிரிக்காமல் கிடக்கிறது. கேட்டதற்கு, ஒண்ணு ரெண்டு இருந்துட்டுப் போகட்டுமே, பிள்ளை மூச்சு விட்டா போதும் எனக்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது.

டாக்டரிடமே போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, புழுவை வைத்தியமா வெச்சுக்க முடியாதுங்க, ரத்தத்தையும் சத்தையும் அது தின்னுடும் என்று சொல்லி மலம் பரிசோதிக்க அனுப்பினார். முடிவு வந்தது, புழுவும் இல்லை, முட்டையும் இல்லை. வராத விருந்தாளிக்கா இத்தனை காவல் என்று கேலி செய்ய நினைத்துத்தான் வீட்டுக்கு வந்தேன், முடிவைக் கேட்டதும் உன் அம்மா அடுப்படியில் நின்றபடியே அழுதுவிட்டாள். பிள்ளை வயிற்றில் பூச்சி இல்லையே என்று ஒரு தாய் அழுது நான் பார்த்ததில்லை. புழு இல்லாவிட்டாலும் பள்ளியில் எல்லாப் பிள்ளைக்கும் கொடுப்பதுதான் என்று டாக்டர் சொன்னபடி மாத்திரையையும் கொடுத்தாயிற்று, பம்ப்பையும் இப்போது அவளே தவறாமல் கொடுக்கிறாள், இழுப்பு கொஞ்சம் தணிந்திருக்கிறது. ஆனால் ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் இவளுக்கு மட்டும் ஏன் என்று கேட்டால் இன்னும் எனக்குப் பதில் தெரியாது.

உனக்கு நிறைந்த ஆயுளும் நிம்மதியான மூச்சும் கிடைக்கட்டும். கைகழுவாமல் சாப்பிடாதே, அந்தப் பழக்கம் உனக்கு இன்னும் போயிருக்காது. தங்கைக்குத் தனியாக நாலு வரி எழுது, மறக்காதே. நாங்கள் பேசியதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள், பம்ப்பை இழுத்து முடித்துவிட்டு, அண்ணனுக்கு நிறைய இருந்துச்சாமே, எனக்கு ஒண்ணுகூட மிச்சம் வைக்கலையான்னு கேட்டு எழுதுங்கப்பா என்றாள். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா