பாடி கட்டாத லாரி

எனக்கு அப்பாவாகவும் அம்மாவாகவும் இருந்து, அந்த இரண்டு வேலைக்கும் நடுவே ஹோட்டலில் மாவும் ஆட்டிய என் அப்பாவுக்கு,

நீங்கள் இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். நேரில் சொல்லியிருப்பேனா என்றால் அதுவும் இல்லை. சொல்லாமலே காலத்தை ஓட்டியிருப்பேன். நம் இருவருக்கும் நடுவே பேச்சு என்ன பெரிய பேச்சு? "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "அப்பப் படுத்துக்கோ." இதற்கு மேல் பேசிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதலில் நல்ல செய்தி. எனக்கு வேலை கிடைத்துவிட்டது அப்பா. பயிற்சிக்குப் போன அதே லாரி கம்பெனியில், அதே ரோடு டெஸ்ட் பிரிவில். ஆர்டர் கையில் வந்ததும் முதலில் உங்களிடம் காட்ட வேண்டும் என்றுதான் தோன்றியது. அப்புறம்தான் நினைவு வந்தது. இத்தனை காலம் ஆகியும் எனக்கு இப்படித்தான், நினைவு கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது.

திருவெறும்பூர் பக்கம் ஏதோ பெரிய தொழிற்சாலை வருகிறதாம். "ராசுவை இங்கேயே வந்துடச் சொல்லுங்க" என்று நம் ஹோட்டல் முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். நீங்கள் இருந்தால் வந்திருப்பேன். இப்போது அம்மா மண்டபம் சாலையில் நம் வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். எங்கே வருவது?

பாலிடெக்னிக்கிலிருந்து அந்தக் கடிதம் வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். படிப்புக்கு நடுவில் ஒரு வருஷம் ஏதாவது தொழிற்சாலையில் வேலை பழக வேண்டும் என்பது விதி. மற்றவர்களுக்கு உள்ளூர்ப் பட்டறைகள் விழுந்தன. எனக்கு மெட்ராஸ் பக்கத்து லாரி கம்பெனி விழுந்தது. நீங்கள் கடிதத்தைக் கையில் வாங்கவில்லை. விரலெல்லாம் மாவு. "நீயே படி" என்றீர்கள். படித்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னீர்கள். மறுநாள் ஹோட்டலில் இட்லி சாப்பிட வந்தவர்களில் இந்தச் செய்தி தெரியாமல் போனவர் யாரும் இல்லை என்று கேள்வி.

அந்த வருஷம் முழுக்க நீங்கள் எழுதிய கார்டுகளை வைத்திருக்கிறேன். நாலாம் வகுப்புப் படிப்பு, கொட்டை கொட்டையான எழுத்து. ஒரு கார்டில் கேட்டிருந்தீர்கள்: "முழு லாரியையும் ஒரே ஆள் செய்வாரா? அதில் நீ செய்யும் பாகம் எது?" நான் அப்போது நாள் முழுக்க அரம் பிடித்து ஒரு இரும்புத் துண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதை எழுத வெட்கமாக இருந்தது. "எல்லாப் பாகமும் செய்கிறேன்" என்று எழுதினேன். நீங்கள் அதையும் நம்பி, ஊருக்கும் சொல்லியிருப்பீர்கள்.

எட்டாம் மாதம் என்னை ரோடு டெஸ்டில் போட்டார்கள். எங்கள் கம்பெனி லாரி பாடி இல்லாமல்தான் வெளியே போகும். இரண்டு நீள இரும்புச் சட்டம், என்ஜின், சக்கரம், ஸ்டியரிங், அவ்வளவுதான். கூரை கிடையாது, கதவு கிடையாது, முதுகுக்குப் பின்னால் பலகைகூடக் கிடையாது. ஒரு மரப்பெட்டியைக் கட்டி, சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் டிரைவர் உட்கார்ந்து மதுரை வரைக்கும் ஓட்டிப் போவார். தலையில் துண்டு, கண்ணில் தூசிக் கண்ணாடி. அங்கேதான் வாங்கியவர்கள் பாடி கட்டிக்கொள்வார்கள். ஆறு வண்டிகள் வரிசையாகப் போகும். பயிற்சிப் பையன்களுக்கு ஆளுக்கு ஒரு தடவை டிரைவர் பக்கத்தில் இடம்.

என் முறை வந்ததும் உங்களுக்கு எழுதினேன்: "புதன்கிழமை காலை பத்து மணிக்குள் கொள்ளிடம் பாலம் தாண்டி வருவோம். மாம்பழச் சாலையில் நில்லுங்கள். வண்டியை நிறுத்தச் சொல்கிறேன்." நிறுத்தச் சொல்கிறேனாம்! என்னவோ கம்பெனியே என் பாக்கெட்டில் இருப்பதுபோல.

அந்தக் கார்டைப் போட்ட இரண்டாம் நாள் என்னோடு பயிற்சியில் இருந்த ஒருவன் மாட்டிக்கொண்டான். விழுப்புரத்தில் மாமாவைப் பார்க்க வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறான். ஊருக்குள் வண்டி நிற்கக் கூடாது என்பது சட்டம். நின்றால், எங்கே, எத்தனை நிமிஷம், என்ன காரணம் என்று வண்டி நோட்டில் எழுத வேண்டும். எழுதினார்கள். அவனை ரோடு டெஸ்டிலிருந்து தூக்கி ஸ்டோரில் போட்டார்கள். "வருஷக் கடைசியில் இவனுக்கெல்லாம் வேலை கிடையாது" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்கள். உங்களுக்கு வேறு கார்டு எழுத நேரமில்லை.

புரட்டாசி வெயில். எங்கள் வண்டி மூன்றாவது. ஓட்டியவர் காதர் பாய். திருவானைக்காவல் தாண்டி மாம்பழச் சாலைக்கு வந்தபோது முன்னால் மாட்டுவண்டிகள். ஆறு லாரியும் ஊர்ந்தன. தூரத்திலிருந்தே உங்களைப் பார்த்துவிட்டேன் அப்பா. வெள்ளைச் சட்டை போட்டிருந்தீர்கள், தீபாவளிக்கு மட்டும் எடுப்பது. கையில் ஒரு பொட்டலம். முதல் வண்டியில் உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தைப் பார்த்தீர்கள். இரண்டாவது வண்டியைப் பார்த்தீர்கள். அப்புறம் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் வந்தீர்கள்.

காதர் பாய் வேகத்தைக் குறைத்தார். "யாரோ கை காட்டுறாரே, உங்க ஆளா தம்பி?"

"இல்ல பாய்."

சொல்லிவிட்டுத் துண்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். தலையைக் குனிந்து என்ஜினைப் பார்ப்பதுபோல இருந்தேன். உங்கள் வேட்டியின் கரை மட்டும் என் ஓரக்கண்ணில் வந்து போனது.

பயம்தான் காரணம் என்று எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன். முழுசாகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி ஹாஸ்டலில் "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டபோதெல்லாம் "திருச்சியில் ஹோட்டல்" என்று சொல்லி நிறுத்திவிடுவேன். முதலாளி என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. அன்று என்னைக் குனிய வைத்தது பயமா, வெட்கமா என்று இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை.

மதுரையிலிருந்து திரும்பியதும் எழுதினேன்: "கடைசி நேரத்தில் என்னை அனுப்பவில்லை. நீங்கள் வெயிலில் நின்றிருந்தால் மன்னிக்கவும்." உங்கள் பதில் உடனே வந்தது. "அன்று மாவு வேலை அதிகம். நானும் வரவில்லை. அதைப் பற்றி ஒன்றும் நினைக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்." நீங்கள் பொய் சொல்லி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். காத்து நின்று ஏமாந்ததைச் சொன்னால் பிள்ளை வருத்தப்படுவான் என்று மறைக்கிறீர்கள் என்று நினைத்தேன். அப்பாடா என்று மூச்சுகூட விட்டேன். அதை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

தீபாவளிக்கு வந்தேன். அம்மா போனதிலிருந்து செய்வதுபோலவே மணையில் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்தீர்கள். உச்சந்தலையில் தட்டி, கழுத்துக்கு வந்தபோது உங்கள் கை நின்றது.

"பிடரியெல்லாம் கறுத்துக் கிடக்கேடா. திறந்த வண்டியில போனியா?"

"இல்லப்பா. பட்டறை வெக்கை."

கிண்ணத்திலிருந்து இன்னும் கொஞ்சம் எண்ணெய் எடுத்தீர்கள். அப்புறம் "சரி, கண்ணை மூடிக்கோ, எண்ணெய் இறங்கும்" என்றீர்கள். மூடிக்கொண்டேன்.

மார்கழியில் தந்தி வந்தது. 'அப்பா சீரியஸ், உடனே வரவும்.' உயிர் போன பிறகும் அப்படித்தான் அடிப்பார்கள் என்று தெரிந்தும், பஸ்ஸில் வழி முழுக்க அதன் நேர் அர்த்தத்தையே பிடித்துக்கொண்டு வந்தேன். காவிரியில் குளிக்கப் போனவர் படித்துறையிலேயே உட்கார்ந்துவிட்டீர்களாம். பயிற்சி முடிய மூன்று வாரம் பாக்கி. நான் வந்து சேர்ந்தபோது உங்களைக் கூடத்தில் கிடத்தி, அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார்கள். ஹோட்டல்காரர்கள் நல்ல சட்டை எது என்று தேடி எடுத்ததாம். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. எல்லாரும் நான் உங்களுக்காக அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

போன வாரம் காதர் பாயோடு உளுந்தூர்ப்பேட்டையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன். "பாய், ரெண்டு வருஷம் முன்னாடி மாம்பழச் சாலையில ஒருத்தர் கை காட்டினாரே. அவர் எங்க அப்பா."

"தெரியும்," என்றார்.

கையில் இருந்த கிளாஸைக் கீழே வைத்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்.

"அடுத்த லோடுக்குப் போறப்பவும் அதே இடத்துல நின்னாருப்பா. நான் நிறுத்திட்டேன். நோட்டுலயும் எழுதினேன். என்ன, வானமா இடிஞ்சு விழுந்துச்சு? கிட்ட வந்து, 'அன்னிக்கு உங்க பக்கத்துல உக்காந்து வந்தது எம் பையன்ங்க'ன்னார். மூஞ்சி மூடியிருந்துதே, எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டேன். 'மூஞ்சியத்தாங்க மூடினான். வண்டிக்குப் பின்னால ஒண்ணும் இல்லையே. காவிரிப் பாலத்துல பாதி தூரம் போற வரைக்கும் அவன் முதுகைப் பார்த்துக்கிட்டு நின்னேன். நான் எண்ணெய் தேய்ச்ச முதுகு எனக்குத் தெரியாதா'ன்னார்."

பாய் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னார்.

"'வரலன்னு காயிதம் போட்டிருக்கான். நானும் வரலன்னு எழுதிட்டேன். அது அப்படியே இருக்கட்டும். தெரிஞ்சா என் மூஞ்சில முழிக்கச் சங்கடப்படுவான், அவன்கிட்ட சொல்லிடாதீங்க'ன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டார். ஒரு பொட்டலம் குடுத்தார். கடையில வாங்கினதுன்னு சொல்லிக் குடுக்கச் சொன்னார். உனக்குக் குடுத்தேனே, தட்டை. மறந்துட்டியா?"

மறக்கவில்லை அப்பா. ஹாஸ்டல் வாசலில் நின்று, ஒன்றைக் கடித்துவிட்டு, "உப்பு கம்மி பாய், எந்தக் கடை இது?" என்று சிரித்தேன். உங்கள் கைக்கு எப்போதும் உப்பு கம்மி. அதுகூடவா எனக்குத் தெரியாமல் போனது? முதுகை வைத்தே நீங்கள் என்னைக் கண்டுபிடித்தீர்கள். வாயில் போட்டு மென்றும் நான் உங்களைக் கண்டுபிடிக்கவில்லை.

தீபாவளியன்று உங்கள் கை ஏன் நின்றது என்று இப்போது தெரிகிறது. நான் வாயைத் திறக்க ஒரு வாய்ப்புக் கொடுத்தீர்கள், இல்லையா? நான் திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "போடா, அதுக்கென்ன இப்போ" என்றுதானே? அந்த ஒரு வார்த்தைக்காக நான் இனி எத்தனை வருஷம் காத்திருந்தாலும் கிடைக்காது.

வரும் புதன்கிழமை ஆறு வண்டிகள் மதுரைக்குப் போகின்றன. மூன்றாவதை ஓட்டுபவர் காதர் பாய். பக்கத்தில் நான். இந்தத் தடவை வண்டி நோட்டு என் பொறுப்பு. மாம்பழச் சாலையில், நீங்கள் நின்ற இடத்தில், வண்டி நிற்கும். மாட்டுவண்டி குறுக்கே வந்தாலும் வராவிட்டாலும் நிற்கும். கண்ணாடியைக் கழற்றி, துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவேன். பக்கத்திலேயே இருக்கும் நம் ஹோட்டலுக்குள் போய், உங்களோடு வேலை செய்தவர்களிடம் நான் இன்னார் மகன் என்று சொல்வேன். கூட வருகிறவர்களுக்கும் கேட்கும்படி, மாவாட்டினவர் மகன் என்று சொல்வேன்.

அப்புறம் நோட்டை எடுத்து எழுதுவேன். இது சத்தியம் அப்பா. நின்ற இடம்: மாம்பழச் சாலை. நேரம்: ஐந்து நிமிஷம். காரணம்: அப்பா கை காட்டினார்.

நீங்கள் முதுகைப் பார்த்தே அடையாளம் கண்ட உங்கள் மகன்,
ராசு