ஏழும் ஏழாவதும்

மார்ச் 2

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். உன் அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை, பன்னிரண்டு வருடமாகிறது. ஆகவே கடிதம்.

நம் பழைய டேட்டா சென்டருக்கு என்னை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். கேபிள் விவரமெல்லாம் என் நோட்டில்தான் இருக்கிறதாம். இனி ஒவ்வொரு நெட்வொர்க் ஸ்விட்சின் முன்னும் உட்கார்ந்து யாரும் கட்டளை அடிக்க வேண்டாம். எந்த போர்ட்டிலிருந்து எந்த போர்ட்டுக்குக் கேபிள் என்று ஒரே பட்டியல் கொடுத்தால், புரோகிராம் எல்லா ஸ்விட்சுக்கும் கட்டளையைத் தானே எழுதிவிடுகிறது. பிறகு ஒவ்வொரு ஸ்விட்சும் அடுத்ததிடம், "நீ யார், எந்த போர்ட்டில் இருக்கிறாய்?" என்று விசாரித்துப் பட்டியலைச் சரிபார்க்கிறது. நான் டார்ச்சோடு மண்டியிட்டுச் செய்த வேலை, மச்சான்! வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அதை முதல் தடவையாக ஓட்டினார்கள். என் பட்டியலில் நாற்பத்தெட்டு கேபிளும் தப்பு என்று சிவப்பில் வந்தது. இரண்டு தரம் கையால் தடவிப் பார்த்தேன். எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருக்கிறது. எனக்குத்தான் புத்தி மழுங்கிவிட்டதோ என்னவோ. உன்னை விட்டால் யாரைக் கேட்பேன்?

உன் அத்தான்

மார்ச் 9

அத்தானுக்கு,

வணக்கம். அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும். அந்த இடத்து விஷயத்தை என்னிடம் ஏன் கேட்கிறீர்கள் என்று தெரியவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மறுநாள் மறுபடி எடுத்தேன்.

நாற்பத்தெட்டும் தாறுமாறாகத் தப்பா, இல்லை, எல்லாமே ஓர் எண் தள்ளித் தப்பா?

மைத்துனன்

மார்ச் 17

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லாமே ஓர் எண் தள்ளித்தான். அந்த புரோகிராமைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் அம்மாவிடம் சொன்னதும் சிரித்துவிட்டார். "சார், இதுல முதல் போர்ட்டுக்கு நம்பர் பூஜ்யம். நீங்க ஒண்ணுலேருந்து எண்ணியிருக்கீங்க." ஒரே ஒரு வரியை மாற்றினார். நாற்பத்தெட்டும் பச்சை.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வீட்டுக்கு வந்து, பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த நாளின் நோட்டைத் தேடி எடுத்தேன். பூஜ்யத்தில் தொடங்கும் மாடல் வந்த முதல் வாரம் அது. வேலைத் தாளில், கேபிளைப் பிடுங்க வேண்டிய போர்ட் 'எண் 7' என்று இருந்தது. போனில் உன்னிடம் நான் சொன்னதை அப்படியே குறித்திருக்கிறேன்: 'ஏழாவதைப் பிடுங்கு.' நீ விரல் வைத்து எண்ணி ஏழாவதைத்தான் பிடுங்கினாய். அதன் எண் ஆறு; எண் ஏழு எட்டாவதில் இருந்தது. அரை நாள் கட்டடம் முழுக்க நெட்வொர்க் நின்றது.

விசாரணையில், 'எண் ஏழு' என்றுதான் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்தேன். பொய் என்று தெரிந்து எழுதவில்லை. ஆனால் நோட்டைப் புரட்டப் பயந்தேன். எதையும் இரண்டு தரம் பார்க்கிறவன், அதை மட்டும் ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. எண்ணத் தெரியாதவன் என்று உன்னை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

நோட்டின் நகலை இன்று மேலாளரிடம் கொடுத்து, பழைய அறிக்கையைத் திருத்தச் சொன்னேன். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று என்னிடம் சொன்னாலும் சொல்வார்கள். உன் அக்காவிடமும் சொல்லிவிட்டேன். "எண்ணத் தெரியாதவர் யாருன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை.

அத்தான்

மார்ச் 25

அன்புள்ள அத்தானுக்கு,

மூன்று தரம் படித்தேன். அன்று சரியாக எண்ணினேனா என்று எனக்கே சந்தேகம் வந்து பல வருடமாகிறது. மாடிப்படி ஏறும்போதுகூட எண்ணிக்கொண்டுதான் ஏறுவேன். நேற்று எண்ணாமல் ஏறினேன்.

கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். நேரில் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது. அந்த ஸ்விட்சுகள் ஒன்றை ஒன்று விசாரிப்பதையும் பார்க்க வேண்டும். உள்ளே விடுவார்களா?

அடுத்த மாதம் ஏழாம் தேதி வருகிறேன். அக்காவிடம் சொல்லுங்கள். ஒன்றிலிருந்து எண்ணவும்.

உங்கள் மச்சான்