நாய்ப்பல் கிழங்கு

ஆம்பூர்,
மாசி 20

என் மகளுக்கு,

ஊட்டியிலிருந்து நீ அனுப்பிய மூன்று கிழங்கும் கிடைத்தன. கலியாணமாகி நாலு வருஷத்தில் நீ போட்ட முதல் தபால். நாய்ப்பல் போலிருந்ததால் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள், "இன்னாக்கா, யார் பல்லை நடுறே?" என்று சிரித்தாள். மல்லிகைக்குப் போடுவதுபோல, தோல் ஷாப்பில் பதனிட்டுக் கழித்த ஆவாரம்பட்டையை அள்ளிப் போட்டேன். இரண்டு அழுகிவிட்டன. மூன்றாவதைத் தண்ணீர்ப் பானைக்கடியில் குளிர்ச்சியாக வைத்தேன். இலை விட்டது, நீ எழுதிய பழுப்புப் புள்ளியும் இருக்கிறது. பூ மட்டும் வரவில்லை.

மஞ்சளா வெள்ளையா என்று தெரியாமல் இருப்புக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை வேலை பார்க்கும் தோட்டத்தில் பங்குனியில் பூக்கும் என்றாயே. உன் வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொன்னதை நான் மறக்கவில்லை. பூவைப் பார்க்கத்தான் வருகிறேன்.

தபாலில் நீ எழுதிய பெண்குழந்தைக்குச் சட்டை எந்த அளவில் தைக்கட்டும்?

இப்படிக்கு,
அவளுடைய ஆயா