கொத்துத் தகடு

நவம்பர் 14, வெள்ளி, இரவு

இன்று மதியம் என் தம்பியின் விரல்களைத் துண்டாக்கப் பார்த்தேன்.

லா சப்பலில் இருக்கும் சாப்பாட்டுக் கடை அவனுடையது. நான் அதில் கொத்து ரொட்டி அடிப்பவன். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பாரிசுக்கு வந்தோம். அவன் கோபக்காரன், அதனால் முன்னேறினான் என்பார்கள். நான் பொறுமைசாலி, அதனால் நோய் நொடி இல்லாமல் இருக்கிறேன் என்பார்கள். என் சட்டைப்பையில் பிரஷர் மாத்திரை இருப்பது யாருக்கும் தெரியாது. அவனுக்கு ஒரு மாத்திரையும் இல்லை. அவன் கத்தித் தீர்க்கிறான். நான் கைப்பிடி வைத்த இரண்டு வெட்டுத் தகடுகளால் சூடான ரொட்டிக்கல்லில் அடித்துத் தீர்க்கிறேன். அந்தச் சத்தம் கேட்டுத்தான் சனம் உள்ளே வருகிறது.

இன்று கோப்பை கழுவும் செல்வத்தின் கை தவறி ஒரு தட்டு உடைந்தது. தம்பி கொதிக்கும் குழம்பை அள்ளி அவன் கையில் ஊற்றினான். செல்வம் அலறினான். தம்பி என் பக்கத்துப் பலகையில் கையை ஊன்றிக்கொண்டு, "நீங்கள் கொத்தை அடியுங்கோ அண்ணை" என்றான்.

அடித்தேன். தகடு அவன் விரல்களுக்கு நடுவே பலகையில் இறங்கி நின்றது.

"இனி அவனைத் தொட்டியெண்டால் உனக்கு விரல் இருக்காது."

தம்பியின் முகம் வெளிறியது. பிறகு மெல்லச் சிரித்தான்.

"இந்தக் குணம் அப்பவே இருந்திருந்தால் கடை உங்கடை பேரிலை இருந்திருக்கும்."

செல்வம் குழாயடியில் கையைப் பிடித்துக்கொண்டு முனகினான். நான் அவனிடம் போகவில்லை. தம்பி சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.